பேணியும் தராசும்: கச்சானை அளப்பதற்கும் நிறுப்பதற்கும் ஒரு பாடம்

எமது கிராமங்களில் அளப்பது ஒரு வழக்கம், நிறுப்பது இன்னொரு வழக்கம். வீட்டில் அரிசியைச் சுண்டால் அளந்து உலையில் போடுகிறோம். சங்கக்கடையில் அதே அரிசியைக் கிலோவில் வாங்குகிறோம். சந்தையில் கச்சானை ஒருவர் கொத்துக் கணக்கில் கேட்கிறார், அடுத்தவர் கிலோக் கணக்கில் கேட்கிறார். சமையற் குறிப்பில் ஓரிடத்தில் கிராம் என்றும் வேறோரிடத்தில் கோப்பை என்றும் எழுதியிருக்கிறது. இந்த இரண்டு வழக்கங்களுக்கும் இடையில் உள்ள பாலம் தெரியாவிட்டால் விற்கும்போதும் நட்டம், சமைக்கும்போதும் நட்டம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியமானது. 1990இலும் 1995இலும் 2009இலும் வடக்கில் வீடு வாசலை விட்டு வெளியேறியவர்களில் தராசையும் படிக்கற்களையும் தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? பிள்ளைகளையும் உடுபுடவைகளையும் கையில் அகப்பட்ட சட்டி பானைகளையும் கொண்டு போனார்கள். போன இடத்தில் அளவுகோலாகக் கிடைத்தது பால்பேணி ஒன்றுதான். அந்தப் பால்பேணியையே நம்பத்தக்க ஓர் அளவையாக மாற்றுவது எப்படி என்பதே இப்பாடம். எடுத்துக்காட்டாகக் கச்சானை எடுத்துக்கொள்வோம். மணற்பாங்கான நிலத்தில் குறைந்த நீரில் விளைவதும், விற்பனைக்கும் பிள்ளைகளின் உணவுக்கும் ஒருங்கே உதவுவதும் அதுவே.

1. அளவு வேறு, நிறை வேறு

இந்த உண்மை நெல் விதைத்தவர்களுக்குப் புதியதல்ல. ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. அதே புசலில் அரிசியை நிரப்பினால் ஏறக்குறைய 29 கிலோ. பாத்திரம் ஒன்றுதான், நிறை மட்டும் மாறிவிட்டது. ஏன்? நெல்லில் உமி இருக்கிறது. உமி இடத்தைப் பிடிக்கும், பாரம் தராது. மேலும் நெல்மணிகளுக்கு இடையே காற்று நிற்கும் வெளிகளும் அதிகம்.

பாத்திரம் காட்டுவது கனவளவு, அதாவது ஒரு பொருள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பது. தராசு காட்டுவது நிறை. உடம்புக்குச் சத்தாகப் போய்ச் சேர்வது நிறையைப் பொறுத்தது. பாத்திரத்துக்குள் இருக்கும் காற்றுக்குச் சத்தும் இல்லை, விலையும் இல்லை. ஆனால் அளந்து வாங்குபவர் அந்தக் காற்றுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

கச்சானில் இந்த வேறுபாடு நெல்லை விடப் பெரியது. 300 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு பேணியை எடுத்துக்கொள்வோம். அதில் கோதுடன் காய்ந்த கச்சானைத் தலைவழித்து நிரப்பினால் ஏறக்குறைய 75 கிராம் இருக்கும். கோதுடைத்த பருப்பை நிரப்பினால் 185 கிராம். அந்தப் பருப்பை வறுத்துப் பசையாக அரைத்து நிரப்பினால் 325 கிராம். பேணி அதேதான். ஆனால் முதலாவது பேணியை விட மூன்றாவது பேணியில் நான்கு மடங்குக்கும் மேலான பாரம் இருக்கிறது. ஆகவே "ஒரு பேணி கச்சான்" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. எந்த நிலையில் உள்ள கச்சான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2. முதலில் பேணியை அறிவோம்

எல்லாப் பேணிகளும் ஒரே அளவானவை அல்ல. நான்கு சுண்டு ஒரு கொத்து என்பது எமது பழைய கணக்கு. ஆனால் ஒரு வீட்டுச் சுண்டும் அடுத்த வீட்டுச் சுண்டும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே உங்கள் பேணி எவ்வளவு கொள்ளும் என்பதை நீங்களே அறிந்துகொள்ள வேண்டும்.

நெளிவு இல்லாத, அடியும் வாயும் ஒரே அகலமான ஒரு பேணியைத் தெரிவுசெய்யுங்கள். கடையில் விற்கும் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மூடி உடைக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். திறப்பதற்கு முன் நீர் எவ்விடம் வரை நிற்கிறது என்பதைப் போத்தலில் கோடிட்டுக் குறியுங்கள். அந்தக் கோடுதான் உங்கள் அரை லீற்றர். பேணியை நீரால் விளிம்பு வரை நிரப்பி, அந்த நீரை வெறுமையான போத்தலில் ஊற்றினால் பேணி அரை லீற்றரில் எத்தனை பங்கு என்பது தெரிந்துவிடும். கோடிட்ட உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு நிரம்பினால் பேணி 300 மில்லிலீற்றர் அளவானது. போத்தல் மேலே ஒடுங்கியிருந்தால் இது அண்ணளவுதான். ஐந்து பேணி நீரை ஒரு வாளியில் ஊற்றி, பின்னர் அதைப் போத்தலால் அளந்து பார்ப்பது இன்னும் திருத்தமானது. ஐந்து பேணி மூன்று போத்தலுக்குச் சரியாக வந்தால் பேணி 300 மில்லிலீற்றர்தான்.

அடுத்ததாக ஓர் ஈர்க்கை எடுத்துப் பேணியின் உயரத்துக்குச் சரியாக நறுக்குங்கள். அதைப் பத்துச் சமபங்காகக் குறியிடுங்கள். பேணி முழுவதும் ஒரே அகலமாக இருப்பதால், ஈர்க்கில் ஏழாவது குறிவரை நிரப்பினால் அது பத்தில் ஏழு பேணியாகும். அரைப் பேணி, முக்காற் பேணி என்று கண்மட்டத்தில் அளப்பதை விட இந்த ஈர்க்கு எவ்வளவோ மேல்.

3. தராசு இல்லாத இடத்தில் தராசு

ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோ. அரை லீற்றர் நீர் 500 கிராம். தராசு இல்லாத இடத்தில் எமக்கு இருக்கும் நேர்மையான படிக்கல் நீர்தான்.

ஏறக்குறைய ஒரு முழம் ஒன்றரை முழம் நீளமான நேரான தடியை எடுங்கள். சரி நடுவில் கயிறு கட்டி ஒரு கிளையில் தொங்கவிடுங்கள். நடுவிலிருந்து சமதூரத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான இரண்டு பைகளையோ பெரிய தகரங்களையோ கட்டுங்கள். வெறுமையாக இருக்கும்போது தடி சமனாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், உயர்ந்த பக்கத்தில் சிறு கல்லைக் கட்டிச் சமப்படுத்துங்கள்.

இனி ஒரு பக்கத்தில் 500 மில்லிலீற்றர் நீருடன் போத்தலை வையுங்கள். மறுபக்கத்தில் அதே வகையான ஒரு வெறும் போத்தலை வையுங்கள். இப்படிச் செய்தால் போத்தலின் பாரம் போத்தலோடு கழிந்துவிடும். இப்போது வெறும் போத்தல் உள்ள பக்கத்தில் கச்சான் பருப்பைச் சிறிது சிறிதாக இடுங்கள். தடி சமனானதும் அந்தப் பருப்பு 500 கிராம்.

ஒரு சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். இரண்டு பக்கப் பொருள்களையும் இடம் மாற்றி வையுங்கள். மாற்றிய பின்னும் தடி சமனாக நின்றால் உங்கள் தராசு நேர்மையானது. சாய்ந்தால் கயிறு நடுவில் இல்லை என்பது பொருள். கயிற்றைச் சற்று நகர்த்தி மீண்டும் தொடங்குங்கள். இந்தச் சோதனையைச் சந்தையில் உள்ள இருதட்டுத் தராசுக்கும் செய்யலாம் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

500 கிராம் பருப்பைப் பேணியால் தலைவழித்து அளந்து பாருங்கள். 300 மில்லிலீற்றர் பேணியானால் இரண்டு பேணியும் ஈர்க்கில் ஏழு குறியும் வரும். அதாவது 2.7 பேணி. 500ஐ 2.7ஆல் பிரித்தால் 185. இதுவே உங்கள் பேணியின் எண். ஒரு முறை அளந்ததோடு நிறுத்தாதீர்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். 182, 188, 185 என்று வந்தால் மூன்றையும் கூட்டி மூன்றால் பிரிக்க 185 கிராம் கிடைக்கும். பக்கத்தில் சங்கக்கடையோ பாடசாலை ஆய்வுகூடமோ இருந்தால் அங்குள்ள தராசில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதும் நல்லது.

4. இரண்டு கணக்குகள் போதும்

பேணியின் எண்ணை அறிந்தபின் தேவையானவை இரண்டே கணக்குகள்.

பேணியிலிருந்து நிறைக்குப் போக: பேணிகளின் எண்ணிக்கையை ஒரு பேணியின் நிறையால் பெருக்குங்கள். 4 பேணி பருப்பு, 4 × 185 = 740 கிராம்.

நிறையிலிருந்து பேணிக்குப் போக: வேண்டிய நிறையை ஒரு பேணியின் நிறையால் பிரியுங்கள். ஒரு இறாத்தல் பருப்பு வேண்டுமானால், ஒரு இறாத்தல் 454 கிராம் என்பதால், 454 ÷ 185 = 2.45. அதாவது இரண்டு பேணியும் நாலரைக் குறியும்.

300 மில்லிலீற்றர் பேணி ஒன்றைக் குலுக்காமல் தலைவழித்து நிரப்பினால் வரக்கூடிய அண்ணளவான நிறைகள் வருமாறு:

கோதுடன் காய்ந்த கச்சான்: 75 கிராம்
கச்சான் பருப்பு: 185 கிராம்
கச்சான் பசை: 325 கிராம்
மரமுந்திரிகைப் பருப்பு: 170 கிராம்
எள்ளு: 180 கிராம்
துருவிய தேங்காய்ப்பூ: 100 கிராம்
பயறு: 260 கிராம்
பச்சையரிசி: 240 கிராம்
சீனி: 250 கிராம்

இவை வழிகாட்டி எண்கள் மட்டுமே. கச்சானின் இனம், பருப்பின் பருமன், ஈரம் என்பவற்றைப் பொறுத்து மாறும். உங்கள் பேணி வேறு அளவானால் அதற்கேற்பப் பெருக்கிப் பிரிக்க வேண்டும். உதாரணமாக 200 மில்லிலீற்றர் கோப்பையில் பருப்பின் நிறை 185 × 200 ÷ 300, அதாவது ஏறக்குறைய 123 கிராம். மேலே உள்ளவாறு ஒரு பட்டியலை உங்கள் பேணிக்கென்றே தயாரித்து, ஒரு மட்டையில் எழுதிக் குசினிச் சுவரில் தொங்கவிடுங்கள்.

5. அடுப்படியில்

கச்சான் அல்வா செய்து விற்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். குறிப்பில் பருப்பு 500 கிராம், சீனி 500 கிராம் என்று இருக்கிறது. இரண்டும் சம அளவுதானே என்று எண்ணி இரண்டு பேணி பருப்பும் இரண்டு பேணி சீனியும் போட்டால் என்ன நடக்கும்? பருப்பு 370 கிராமும் சீனி 500 கிராமும் ஆகிவிடும். பாகு மிஞ்சி, பருப்புக் குறைந்து, வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். சரியான அளவு பருப்பு 2 பேணி 7 குறி, சீனி 2 பேணி. சம நிறை என்பது சம பேணி அல்ல.

அடுத்து, சொல்லின் ஒழுங்கைக் கவனியுங்கள். "ஒரு பேணி கச்சான், வறுத்து இடித்தது" என்பது ஒன்று. "வறுத்து இடித்த கச்சான் ஒரு பேணி" என்பது வேறொன்று. முதலாவதில் அளந்த பின் இடிக்கிறோம். இரண்டாவதில் இடித்த பின் அளக்கிறோம். இடித்த மாவை மெதுவாகக் கொட்டினால் ஒரு நிறை, அமத்தி நிரப்பினால் இன்னொரு நிறை. ஆகவே மாவாக அளப்பதைத் தவிர்த்து, பருப்பாக இருக்கும்போதே அளப்பது நல்லது. பசையாக அரைக்கும்போதும் இதேதான். காற்று வெளியேறுவதால், ஏறக்குறைய ஒன்றேமுக்காற் பேணி பருப்பு ஒரு பேணி பசையாகச் சுருங்கும். சத்து எங்கும் போய்விடவில்லை, காற்றுத்தான் போயிருக்கிறது.

வறுக்கும்போது நிறையும் சிறிது குறையும். ஈரமும் தோலும் போவதால் ஒரு கிலோ பச்சைப் பருப்பு, வறுத்துத் தோல் புடைத்த பின் 900 கிராமுக்கு அண்மையாக வரும். விற்பனைக்குப் பொதி செய்பவர்கள் இந்தக் குறைவை விலையில் சேர்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கான சத்துமாவுக்கு ஓர் எளிய அளவு: பச்சையரிசி 500 கிராம், பயறு 250 கிராம், கச்சான் பருப்பு 125 கிராம். பேணிக் கணக்கில் அரிசி 2 பேணி 1 குறி, பயறு ஒரு பேணிக்குச் சற்றுக் குறைவு, பருப்பு ஏறக்குறைய 7 குறி. தனித்தனியே வறுத்து இடித்து அரித்து வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சலாம். கச்சான் பருப்பின் நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு புரதம், பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய். கோதுடன் 7 குறி அளந்து, உடைத்துப் போட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது 125 கிராம் அல்ல, 40 கிராமுக்கும் குறைவு. பேணி நிறைந்திருக்கிறது என்று தாய் நினைப்பாள், பிள்ளையின் உடம்பு தேறாது.

இரண்டு எச்சரிக்கைகள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுக்கக்கூடாது, அது தொண்டையில் அடைக்கலாம். சில பிள்ளைகளுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. முதன்முறை மிகச் சிறிதளவு கொடுத்துப் பாருங்கள். உடம்பில் தடிப்போ வீக்கமோ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

6. சந்தையில்

கணக்குக்காக மட்டும் ஒரு விலையை வைத்துக்கொள்வோம். ஒரு வியாபாரி பருப்பு கொத்துக்கு 600 ரூபா தருகிறார். இன்னொருவர் கிலோவுக்கு 780 ரூபா தருகிறார். யாருக்கு விற்பது?

கொத்து நான்கு பேணி என்றால், தலைவழித்த கொத்தின் நிறை 740 கிராம். 740 கிராமுக்கு 600 ரூபா என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 811 ரூபா. ஆகவே முதலாமவரே மேல். ஆனால் அவர் தலைவழிக்காமல் கும்பம் வைத்து அளந்தால்? கும்பத்தோடு கொத்து 820 கிராம் பிடிக்கிறது என்று வைப்போம். அப்போது கிலோவுக்கு 732 ரூபாதான் கிடைக்கிறது. இப்போது இரண்டாமவரே மேல். கிலோவுக்கு 48 ரூபா வித்தியாசம். 50 கிலோ விற்பவருக்கு அது 2,400 ரூபா. ஒரு குடும்பத்தின் பல நாட் செலவு அந்தக் கும்பத்தின் மேல் நிற்கிறது. ஆகவே விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: தலைவழித்தா, கும்பமாகவா? குலுக்கியா, குலுக்காமலா?

கோதுடன் விற்பதா, உடைத்து விற்பதா என்பதும் இதே கணக்குத்தான். நன்கு விளைந்த ஒரு கிலோ காய்ந்த காயில் ஏறக்குறைய 700 கிராம் பருப்புக் கிடைக்கும். பேணிக் கணக்கில், 13 பேணி காயிலிருந்து 4 பேணிக்குச் சற்றுக் குறைவான பருப்பு வரும். பருப்பு கிலோ 780 ரூபா என்றால் 700 கிராமின் பெறுமதி 546 ரூபா. கோதுடன் கிலோ 450 ரூபாவுக்குக் கேட்டால், உடைக்கும் வேலைக்குக் கிடைப்பது கிலோவுக்கு 96 ரூபா. அந்த உழைப்புக்கு அது போதுமா, உடைந்த பருப்புக் கழிவு எவ்வளவு என்பவற்றைக் குடும்பமாக இருந்து தீர்மானிக்கலாம்.

7. பேணி சொல்லும் வேறு செய்திகள்

பிடுங்கிய உடன் கச்சானில் நீர் அதிகம். நூற்றுக்கு 40 பங்கு நீருள்ள 100 கிலோ காயை, 8 பங்கு ஈரம் வரும்வரை காயவிட்டால் ஏறக்குறைய 65 கிலோ மிஞ்சும். ஆனால் கோது பெரிதாகச் சுருங்குவதில்லை. குவியல் அன்றுபோலவே தெரியும், நிறை மட்டும் இறங்கிவிடும். இதையே காய்ச்சலை அறியும் கருவியாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு நாளும் மாலையில் அதே பேணியால் பத்துப் பேணி காயை அளந்து நிறுத்துப் பாருங்கள். நிறை நாளுக்கு நாள் குறையும். இரண்டு மூன்று நல்ல வெயில் நாட்களில் தொடர்ந்து நிறை மாறாது நின்று, காயைக் குலுக்கும்போது பருப்புக் கிலுகிலுத்தால் களஞ்சியப்படுத்தலாம்.

சரியாகக் காயாத கச்சானில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃபிளாரொக்சின் என்னும் நஞ்சு ஈரலைப் பாதிக்கும். வறுத்தாலும் அவித்தாலும் அது முழுமையாக அழியாது. ஆகவே நிறம் மாறிய, சுருங்கிய, பூஞ்சணம் பிடித்த பருப்புகளைப் பொறுக்கி எறியுங்கள். பிள்ளைகளின் மாவுக்கு அவற்றைச் சேர்க்கவே வேண்டாம்.

விதைக்காகக் கோதுடன் கச்சான் வாங்குபவர்களுக்கும் பேணி உதவும். நன்கு காய்ந்த இரண்டு குவியல்களில் ஒவ்வொரு பேணி எடுத்து நிறுத்துப் பாருங்கள். அதே இனத்தில் ஒரு பேணி மற்றதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு பாரம் குறைந்திருந்தால் அதில் பொக்குக் காய்கள் அதிகம். சாக்கின் உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

குழுவாகச் செய்து பார்ப்பதற்கு

ஒவ்வொரு மாதர் சங்கமும் விவசாயக் குழுவும் பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. உறுப்பினர் எல்லோரும் தங்கள் சுண்டைக் கொண்டுவந்து நீரால் அளந்து ஒப்பிடுங்கள். மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் எவ்வளவு வித்தியாசம்?

2. உங்கள் பகுதியில் விளையும் கச்சானின் பேணி எண்ணைக் கோதுடனும் பருப்பாகவும் கண்டுபிடியுங்கள்.

3. ஒரு பேணி 185 கிராம் என்றால், 3 கிலோ பருப்புக்கு எத்தனை பேணி? (விடை: 16 பேணியும் ஏறக்குறைய 2 குறியும்.)

4. கடந்த போகத்தில் உங்கள் குழு எந்த அளவையில் விற்றது? இப்போது தெரிந்த கணக்கின்படி கிலோவுக்கு என்ன விலை கிடைத்திருக்கிறது?

5. அடுத்த போகத்தில் எல்லோரும் ஒரே அளவையில், ஒரே விலையில் விற்பதற்கு உடன்படலாமா? குழுவுக்கென்று பொதுவான ஒரு தராசு வாங்கலாமா?

கொத்தும் வேண்டாம், சுண்டும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எங்கள் தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட அளவைகள் அவை. ஆனால் அளப்பவர் ஒருவராகவும் கணக்குத் தெரிந்தவர் வேறொருவராகவும் இருக்கும்வரை உழைப்பின் பலன் இடையில் சிந்திக்கொண்டே இருக்கும். பேணி உங்கள் கையில் இருக்கிறது. அதன் எண்ணும் உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பெருக்கலும் பிரித்தலும் சொல்லிக் கொடுக்கும்போது இந்தப் பேணியை வைத்தே சொல்லிக் கொடுங்கள். அடுத்த சந்தைக்கு அவர்களையும் கூட்டிச் செல்லுங்கள்.